கம்பியும் காற்றும் கை கோத்தால்…

உங்கள் வீட்டில் 'சிக்னல் மூலை' எது?

கேள்வி வேடிக்கையாகப் படலாம். ஆனால் பல வீடுகளில் அப்படி ஒரு மூலை இருக்கத்தான் செய்கிறது. சிலருக்கு அது பால்கனி. சிலருக்குச் சமையலறை ஜன்னல். இன்னும் சிலர் மாடிப்படியில் பாதி இறங்கி நின்றுகொண்டு, "ஹலோ, இப்போ கேக்குதா?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துவார்கள். வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுத்த கையோடு, "போன் பேசணும்னா அந்த ஜன்னல்கிட்ட நின்னுக்கோங்க" என்று சொல்லிவிடுகிற வீடுகளும் உண்டு.

இதில் விசித்திரம் என்னவென்றால், அதே வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பும் இருக்கும். பிள்ளைகள் ஒரு அறையில் சினிமா பார்ப்பார்கள்; வீட்டுக்காரர் இன்னொரு அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார். இன்டர்நெட் வெள்ளமாகப் பாயும். ஆனால் ஒரு சாதாரண போன் பேச வழியிருக்காது!

கம்பி வழியாக வருவது வேறு, காற்று வழியாக வருவது வேறு என்று இரண்டையும் தனித்தனியாகவே நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் இந்த இரண்டும் சில வருஷங்களாகக் கை கோத்துக்கொண்டு வருகின்றன. அந்தச் சேர்க்கையை நம் வீட்டுக்கு எப்படிப் பயன்படுத்திக்கொள்வது, எந்த இடத்தில் அது நம்மைக் கைவிடும் என்பதை இல்லத்தரசிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் அவசியம் என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

உள் அறையும் கைக்குழந்தையும்

என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து 23 நாள். தெருச் சத்தம் இல்லாமல் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று உள் அறையைத் தாய்க்கும் சேய்க்கும் ஒதுக்கியிருந்தோம். சுற்றிலும் கான்கிரீட் சுவர். ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் அடுத்த கட்டடத்தைப் பார்த்தபடி. அந்த அறைக்குள் போனால் மொபைலில் ஒரு கோடுகூட நிற்காது.

ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குக் குழந்தையின் உடம்பு அனலாகச் சுட்டது. தெர்மாமீட்டர் 101 காட்டியது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இதைத் தாய்மார்கள் ஒவ்வொருவரும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

நான் ஹாலுக்கு ஓடி வந்து மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "டாக்டர் ஒரு கேஸ் பாத்துட்டிருக்காங்க. அம்மாவோட நம்பர் கொடுங்க, உடனே பேசச் சொல்றேன். குழந்தை பால் குடிக்குதா, மூச்சு எப்படி வாங்குதுன்னு பக்கத்துல இருந்து பாத்துச் சொல்லணும்" என்றார் நர்ஸ். மகளின் நம்பரைக் கொடுத்தேன். இவர் ஆட்டோ கூப்பிடத் தெருவுக்கு ஓடினார். நான் பையில் துணிமணிகளை எடுத்து வைத்தேன். மகள் உள் அறையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடிக்கவே இல்லை.

இனிக் காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று கிளம்பிவிட்டோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர், "மூணு தடவை கூப்பிட்டேம்மா. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே வந்துச்சு" என்றார். புனேயிலிருந்து மாப்பிள்ளையும் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். குழந்தையை உடனே சேர்த்துக்கொண்டு சிகிச்சை கொடுத்தார்கள். நாலாம் நாள் நல்லபடியாக வீடு திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து உள் அறையில் குழந்தையைப் படுக்க வைத்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. அறைக் கதவுக்கு வெளியே, நாலே அடி தூரத்தில், வைஃபை பெட்டி பச்சை விளக்கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. 'இவ்வளவு பக்கத்தில் ஒரு இணைப்பு இருக்கும்போது போன் மட்டும் ஏன் வரவில்லை?' என்று எனக்கு ஆறவே இல்லை.

கோபுரத்தின் காலடியில் கம்பி

எங்கள் கீழ் வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். டெலிபோன் இலாகாவில் டிரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்து, பரீட்சைகள் எழுதி இன்ஜினீயரிங் பிரிவுக்கு மாறி, நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆர்டினரி கால், அர்ஜென்ட் கால், லைட்னிங் கால் என்று டிரங்க் கால் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலத்திலிருந்து இன்றுவரை எல்லாவற்றையும் பார்த்தவர். குழந்தையைப் பார்க்க வந்தவரிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன்.

"ஏம்மா, மொபைல்னா முழுக்கக் காத்துலயே போகுதுன்னா நினைச்சே? உன் கையிலிருந்து தெருமுனை டவர் வரைக்கும்தான் காத்து. அதுக்கப்புறம் அதுவும் கம்பிதான்!" என்று சிரித்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது. செல்போன் கோபுரம் தனியாக நிற்கும் தீவு அல்ல. பல கோபுரங்களின் காலடிக்குப் பூமிக்கடியில் கண்ணாடி இழைக் கம்பி வருகிறது. அப்படி வராத இடங்களில், ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு மைக்ரோவேவ் அலையில் அனுப்புகிறார்கள். கோபுரத்தின் மேல் வெள்ளை முரசு மாதிரி வட்டமாகத் தெரிகிறதே, அதுதான் அந்தக் கருவி. எப்படிப் போனாலும் கடைசியில் சேருவது கண்ணாடி இழையில்தான்.

இந்தக் கண்ணாடி இழை தலைமுடிப் பருமன் கொண்டது. ஒளியைத் தூதனுப்பிச் செய்தி சொல்வது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தம் பேராசிரியரோடு சேர்ந்து செய்த ஆராய்ச்சியில், இழைக் கற்றை வழியாக ஓர் உருவத்தையே கடத்த முடியும் என்று 1954-ல் காட்டினார். வளைந்து கொடுத்து வயிற்றுக்குள் போகும் எண்டாஸ்கோப்பிக் குழாய் அதன் பிறகு வந்ததுதான். கண்ணாடியை மிகச் சுத்தமாகச் செய்தால் தொலைதூரச் செய்திக்கும் உதவும் என்று 1966-ல் விளக்கிய சார்லஸ் காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, கோபுரத்துக்குப் போவதும் கண்ணாடி இழை. நம் வீட்டு பிராட்பேண்டும் பெரும்பாலும் கண்ணாடி இழை. "ரெண்டும் ஒரே ஊருக்குப் போற ரெண்டு ரோடு. உன் உள் அறைக்கு ஒரு ரோடு அடைஞ்சிருந்தா இன்னொண்ணுல போக வேண்டியதுதானே?" என்றார் அக்கா.

ஒரே எண், இரண்டு பாதை

அந்த இன்னொரு ரோட்டுக்குப் பெயர் வைஃபை காலிங். போனில் கோபுரத்தின் சிக்னல் வலுவிழந்ததும், அழைப்பு நம் வீட்டு வைஃபையில் ஏறி, பிராட்பேண்ட் வழியாக நம் மொபைல் நிறுவனத்தின் வாசலை அடைகிறது. அந்தப் பாதை முழுவதும் மற்றவர் ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டிய குழாய் மாதிரி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். வாசலைத் தாண்டியதும் அது சாதாரண மொபைல் அழைப்பாகவே ஆகிவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் பேசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் பேச இரண்டு பேரிடமும் அந்தச் செயலி இருக்க வேண்டும். இதில் அப்படி இல்லை. நம்முடைய அதே மொபைல் எண்ணுக்கு டாக்டர் தம்முடைய மேஜை போனிலிருந்து அடித்தாலும் மணி அடிக்கும். கிராமத்தில் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டியோடும் பேசலாம். பேசிக்கொண்டே வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனால், அழைப்பு அறுபடாமல் கோபுரத்துக்கு மாறிக்கொள்ளும். இதற்குத் தெருவில் 4ஜி வழியாகப் பேசும் வசதி, அதாவது வோல்ட்டி, வேலை செய்ய வேண்டும்.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. இங்கிலாந்தில் பி.டி. நிறுவனம் 2005-லேயே 'பி.டி. ஃப்யூஷன்' என்று ஒரு போனைக் கொண்டுவந்தது. வீட்டில் இருந்தால் வீட்டு பிராட்பேண்ட் வழியாகவும், வெளியே போனால் மொபைல் வழியாகவும் பேசலாம் என்றது. ஆனால் அதற்கென்றே செய்த தனி போன் வேண்டியிருந்தது. தேர்ந்தெடுக்க அதிக மாடல்களும் இல்லை. சில வருஷங்களில் அதை நிறுத்திவிட்டார்கள். பிறகு சாதாரண ஸ்மார்ட் போன்களிலேயே இந்த வசதி வந்ததும்தான் கதை மாறியது. இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் வைஃபை காலிங்கைத் தொடங்கின. இதற்கென்று தனிக் கட்டணம் இல்லை என்றே அறிவித்தன. ஒரு நிமிஷப் பேச்சுக்குச் சுமார் 1 எம்.பி. செலவாகும், வீட்டு பிராட்பேண்டுக்கு அது கடுகளவு.

வசதி நம் கைப்பெட்டியிலேயே இருந்தும், பல போன்களில் அதை நாமே திறந்துவிட வேண்டியிருக்கிறது.

செய்து பார்க்கும் முறை

என் மகள் பத்து நிமிஷத்தில் செய்தாள். நீங்களும் செய்யலாம்.

முதலில் போனின் செட்டிங்ஸுக்குப் போங்கள். ஆண்ட்ராய்டு போனில் நெட்வொர்க் அல்லது கனெக்‌ஷன்ஸ் என்ற தலைப்பின் கீழ், சில போன்களில் சிம் கார்டு என்ற பகுதிக்குள், 'வைஃபை காலிங்' இருக்கும். ஐபோனில் மொபைல் சர்வீஸ் பகுதியில் இருக்கும். கண்ணில் படாவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் கட்டத்தில் அந்தப் பெயரை அடித்தால் காட்டிவிடும். இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திறக்க வேண்டும்.

அடுத்து, வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு சுலபமான வழி. போனில் விமானப் படம் போட்ட ஏரோபிளேன் மோடை அழுத்துங்கள். கோபுரத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். இப்போது வைஃபையை மட்டும் திரும்பப் போடுங்கள். வீட்டில் இன்னொருவரை அந்த எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். மணி அடித்தால் சரி. சோதனை முடிந்ததும் ஏரோபிளேன் மோடை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

அந்தச் சோதனையில் உள் அறையில் முதல் தடவையாக என் மகளின் போன் மணி அடித்தது. குழந்தை திடுக்கிட்டு விழித்து அழுதது. அந்த அழுகை எனக்கு அன்று சங்கீதமாகத்தான் இருந்தது!

வைஃபை பெட்டிக்கு இடம் பார்ப்பது

ரூட்டர் என்கிற வைஃபை பெட்டியை எங்கே வைப்பது என்பதில் நம் வீடுகளில் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. கம்பி போட வந்த பையன் வாசல் பக்கம் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவான். "அழகா இல்லை" என்று நாம் அதை டி.வி.க்குப் பின்னால் தள்ளுவோம், அல்லது அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவோம்.

வைஃபையும் அலைதான். கான்கிரீட், இரும்பு பீரோ, மீன் தொட்டி எல்லாம் அதைத் தடுக்கும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு, திறந்த இடத்தில் வைப்பதே நல்லது. மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். அடுப்பு ஓடும்போது இணைப்பு தடுமாறும்.

பல பெட்டிகள் 2.4 என்றும் 5 என்றும் இரண்டு விதமான அலைகளைத் தரும். 2.4 நிதானமானது; ஆனால் சுவரைத் தாண்டித் தூரம் போகும். 5 வேகமானது, தூரம் குறைவு. பேசுவதற்கு அதிக வேகம் தேவையில்லை என்பதால், தள்ளியிருக்கும் அறைகளுக்கு 2.4 போதும். வீடு பெரிதானால், அல்லது மாடி இருந்தால், இரண்டாவது பெட்டி ஒன்று போட்டு இரண்டையும் லேன் கம்பியால் இணைத்துவிடுவது உத்தமம்.

கரண்ட் போனால்?

"எல்லாம் சரி, ஆனா ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோ" என்று அக்கா நிறுத்தினார். "அந்தக் காலத்துக் கறுப்பு டெலிபோன் கரண்ட் போனாலும் பேசும். நீ பாத்திருக்கே இல்லே? ஏன்னு தெரியுமா?"

பார்த்திருக்கிறேன். ஊரே இருட்டாகக் கிடக்கும். போன் மட்டும் உயிரோடு இருக்கும். காரணத்தை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பழைய செம்புக் கம்பி பேச்சை மட்டும் கொண்டுவரவில்லை. போனுக்கு வேண்டிய மின்சாரத்தையும் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கொண்டுவந்தது. எக்ஸ்சேஞ்சில் வரிசை வரிசையாக பாட்டரிகள் வைத்து 48 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருப்பார்களாம்.

கண்ணாடி இழையில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. ஆகவே நம் வீட்டில் கரண்ட் போனால் பெட்டி அணைந்துவிடும். பெட்டி அணைந்தால் வைஃபை இல்லை. வைஃபை இல்லையென்றால் வைஃபை காலிங்கும் இல்லை. மழைக்காலத்து இரவில் உள் அறை பழையபடி ஊமையாகிவிடும்!

இதற்கு மருந்து சுலபம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், பெட்டி சொருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி மாற்றிவிடுங்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். இந்தப் பெட்டி சாதாரணமாக 20 வாட்டுக்கு உள்ளேதான் இழுக்கும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். வாங்கலாம். வாங்கும்முன் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். பல பெட்டிகள் 12 வோல்ட். எல்லாமே அப்படி அல்ல. சுவரில் ஒரு பெட்டியும் மேஜையில் ஒரு பெட்டியுமாக இரண்டு இருந்தால் இரண்டுக்கும் பாட்டரி வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை.

ஒரே பில் நல்லதா?

இப்போது பல நிறுவனங்கள், "வீட்டு இன்டர்நெட், மொபைல், டி.வி. எல்லாம் எங்களிடமே வாங்குங்கள், ஒரே பில்" என்கின்றன. ஏர்டெல் 2021-ல் 'பிளாக்' என்ற பெயரில் இப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாதம் நாலு தேதிகளை ஞாபகம் வைத்துக்கொள்வதற்குப் பதில் ஒரே தேதி என்பது சௌகரியம்தான். விலையும் குறையலாம்.

ஆனால் அக்கா கேட்ட கேள்வி என்னை யோசிக்க வைத்தது. "கார்ப்பரேஷன் தண்ணியும் போர் தண்ணியும் வீட்டுக்கு எதுக்கு ரெண்டும் வெச்சிருக்கே? ஒண்ணு நின்னா இன்னொண்ணு வரணும்னுதானே? ரெண்டுக்கும் ஒரே பைப்புன்னா எப்படி?"

அதுதான் விஷயம். தெருவில் பள்ளம் தோண்டுகிறவர்கள் ஒரு கண்ணாடி இழையை வெட்டிவிட்டால், அதே நிறுவனத்தின் வீட்டு இணைப்பும் போகலாம். அந்த இழையை நம்பி நிற்கும் கோபுரமும் ஊமையாகலாம். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது சென்னையில் மரங்களும் கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல இடங்களில் கரண்டும் போனும் இன்டர்நெட்டும் நாள்கணக்கில் வரவில்லை. அதை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வீட்டு பிராட்பேண்ட் ஒரு நிறுவனம், வீட்டில் ஒரு மொபைலாவது வேறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களின் கருவிகள் இருப்பது இங்கே சகஜம் என்பதால், இதிலும் முழு உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடும் வாய்ப்பு குறைகிறது. வீட்டு இணைப்பு போய்விட்டால் அந்த மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டு மற்றக் கருவிகளுக்கு இன்டர்நெட் கொடுக்கலாம். அவசரத்தில் தடவாமல் இருக்க, ஒரு தடவை போட்டுப் பழகிவையுங்கள்.

இரண்டு பாதையையும் ஒன்றாக இணைத்தே உபயோகிக்கும் ஏற்பாடும் உலகத்தில் வந்துவிட்டது. ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் நிறுவனம் 2014-15-ல் ஒரு பெட்டியைக் கொடுக்கத் தொடங்கியது. செம்புக் கம்பியில் வேகம் குறைவாக வரும் வீடுகளில், அந்தப் பெட்டி கம்பியிலிருந்தும் 4ஜி கோபுரத்திலிருந்தும் சேர்த்து இழுத்து ஒரே இணைப்பாகத் தரும். ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். 5ஜிக்கான உலகப் பொது விதிகளிலும், கம்பி, வைஃபை, கோபுரம் மூன்றையும் ஒரே மையத்தில் சேர்க்கும் முறையை 2020-ல் எழுதிவிட்டார்கள்.

நம் நாட்டில் இன்னொரு திசையிலும் இணைப்பு நடந்திருக்கிறது. கம்பி இழுக்க முடியாத வீடுகளுக்கு, மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்து, 5ஜி கோபுரத்திலிருந்து வாங்கி வீட்டுக்குள் வைஃபையாகத் தருகிறார்கள். 2023-ல் ஏர்டெல்லும் ஜியோவும் 'ஏர்ஃபைபர்' என்ற பெயரில் இதைத் தொடங்கின. பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு வருவது காற்று வழியாக என்பதை அறிந்து வாங்குங்கள். இப்படி வாங்குகிறவர்களுக்கு மாற்றுப்பாதை இன்னும் முக்கியம். கோபுரம் படுத்தால் வீட்டு இன்டர்நெட்டும் மொபைலும் சேர்ந்தே படுத்துவிடும் அல்லவா?

இன்னொன்று. வங்கி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் மொபைல் எண்ணையே கொடுங்கள். மொபைல் நிறுவனத்தை மாற்றினாலும் எண்ணை நம்மோடு வைத்துக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் 2011 முதல் இருக்கிறது. பிராட்பேண்டோடு வரும் லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி கிடையாது.

கதிர்வீச்சு பயம் வேண்டுமா?

"குழந்தை இருக்கிற அறைக்குப் பக்கத்துல வைஃபை பெட்டியா?" என்று என் நாத்தனார் பதறினார். நியாயமான கவலைதான். ஆனால் ஒரு விஷயம். சிக்னல் பலவீனமான இடத்தில்தான் மொபைல் போன் கோபுரத்தை எட்டிப் பிடிக்க அதிக சக்தியோடு அலையை வீசுகிறது. அதனால்தான் அப்படிப்பட்ட அறையில் பாட்டரியும் சீக்கிரம் தீர்கிறது. பக்கத்தில் உள்ள வைஃபையோடு பேசும்போது அவ்வளவு சக்தி தேவைப்படுவதில்லை.

இந்தியாவில் விற்கும் போன்களுக்கு உடல் ஏற்கும் கதிர்வீச்சின் வரம்பு ஒரு கிலோ எடைக்கு 1.6 வாட் என்று 2013 முதல் விதி உண்டு. போனில் *#07# என்று அடித்தால் பல மாடல்களில் அந்த அளவு தெரியும். பெட்டியைத் தொட்டிலிலிருந்து நாலைந்து அடி தள்ளி வையுங்கள். போனைக் குழந்தையின் தலைமாட்டில் வைக்காதீர்கள். இந்த நிதானம் போதும். பயத்தில் இணைப்பையே அணைத்துவிட வேண்டியதில்லை.

இதே இணைப்பு மருத்துவத்துக்கும் கைகொடுக்கிறது. மத்திய அரசின் இ-சஞ்சீவனி வழியாக வீட்டிலிருந்தபடியே டாக்டரோடு வீடியோவில் பேசலாம் என்ற வசதி 2020 ஏப்ரலில் வந்தது. தொடக்கத்தில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் நம் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது. சளி, சொறி, மருந்துச் சந்தேகம் போன்றவற்றுக்கு இது பெரிய உதவி. கைக்குழந்தையின் காய்ச்சலுக்கும் நெஞ்சுவலிக்கும் மட்டும் நேரே ஆஸ்பத்திரிதான்.

குறித்துக்கொள்ளுங்கள்

• அவசரத்தில் அழைப்பு போகவில்லையா? வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். சில சமயம் வைஃபை கோடுகள் முழுசாகத் தெரியும். பின்னால் இன்டர்நெட் செத்திருக்கும். போன் அதையே பிடித்துக்கொண்டு தவிக்கும்.

• அப்படியும் போகாவிட்டால் நேர்மாறாகச் செய்யுங்கள்: ஏரோபிளேன் மோடில் வைஃபையை மட்டும் போட்டு அடியுங்கள்.

• 108-க்கோ 112-க்கோ அழைத்தால் முகவரியை முதலில் வாயால் சொல்லுங்கள். தெருப்பெயர், மாடி, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடம். வைஃபை வழியாகப் போகும் அழைப்பில் நாம் இருக்கும் இடத்தை அவர்கள் தானாகவே அறிவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

• அவசரத்துக்கு எண் கொடுக்கும்போது ஒன்றோடு நிறுத்தாமல், வேறு நிறுவனத்தின் சிம் உள்ள இன்னொரு எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.

• வைஃபையின் கடவுச்சொல்லையும் பிராட்பேண்ட் கணக்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளில்தான் இணைப்பு போகும்!

• வீட்டில் வைஃபை இருக்கும்போது, வெளியே அதிகம் போகாத மாமியார், மாமனாரின் போனுக்குப் பெரிய டேட்டா பேக் தேவையில்லை. பேசுவதற்கான சிறிய பேக் போட்டு, மிச்சத்தை யு.பி.எஸ்.ஸுக்குச் சேர்க்கலாம்.

கேஸ் சிலிண்டர் ஒன்று எரியும்போது இன்னொன்றை முழுசாக வைத்திருக்கிறோம். அரிசி தீரும் முன்னே அடுத்த மூட்டைக்குச் சொல்லிவிடுகிறோம். போன் விஷயத்தை மட்டும், "அது ஆம்பளைங்க பாத்துப்பாங்க" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பகலெல்லாம் வீட்டில் குழந்தையோடும் வயசானவர்களோடும் இருப்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். அவசரமென்றால் நம்பரை அழுத்தப்போவதும் நம் விரல்தான்.

இன்று சாயங்காலம் சமையலை முடித்துவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டின் ஒவ்வோர் அறையிலும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரை ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள். எந்த அறையில் மணி அடிக்கவில்லையோ, அந்த அறையிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.